ஊதும் சோலார் விளக்கு: குமரி மாவட்டத்தில் முகாம் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். சாரணியர் படையும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறை பிள்ளைகளை இரவு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். ஒரு முறை குலசேகரத்தை அடுத்த ரப்பர் தோட்டம், ஒரு முறை கடலோரத் தென்னந்தோப்பு என்று இடம் மாறும். சென்ற ஆனி மாதத்திலிருந்து மூன்று ஊதும் சோலார் விளக்குகளை மழையிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிச் சோதித்து வருகிறேன். அதைக் கேள்விப்பட்ட பெற்றோர்கள், பழைய மாணவிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், அது என்ன ஊதும் விளக்கு? பலூனுக்குள் பல்பு வைத்ததா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை ஒன்று. அதன் ஒரு முகத்தில் உள்ளங்கை அளவுக்கு சோலார் பேனல், அதனடியில் சிறிய லித்தியம் பேட்டரி, சில எல்.இ.டி. விளக்குகள். காற்றை இறக்கினால் தோசை போலத் தட்டையாகி பையின் ஓரத்தில் செருகிக்கொள்ளும். வாயால் ஊதினால் விரிந்து, வெளிச்சத்தை நாலா பக்கமும் பரப்பும் கூடாக மாறும்.

2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அப்போது அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஆன்ட்ரியா ஸ்ரேஷ்டா, அன்னா ஸ்டோர்க் என்ற இரு பெண்கள், கூடாரங்களில் இருட்டில் கிடந்த மக்களுக்காக இப்படி ஒரு விளக்கை வடிவமைத்தார்கள். நிவாரணப் பெட்டியில் சாதாரண விளக்கு அடைத்துக்கொள்ளும் இடத்தில் இதில் பலவற்றை அடுக்கலாம் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். முகாம் போகிறவர்கள் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இந்தப் பிறப்புக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த விளக்கிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகிவிடும்.

கையில் டார்ச் இருக்கிறது, போனில் வெளிச்சம் இருக்கிறது. இது எதற்குத் தனியாக?

டார்ச் ஓர் இடத்தைக் காட்டும். இது ஓர் அறையைக் காட்டும். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கத்தி போகும் கோட்டின் மேல் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும் என்பதால் அவர்களுக்கு அதுதான் சரி. பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கஞ்சியும் பயறும் சாப்பிடும்போது நெற்றி விளக்கு எதிரே இருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யும். அந்த நேரத்துக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட ஊதும் விளக்குதான் ஏற்றது. வழி நடக்கவும் கழிப்பிடம் போகவும் டார்ச் கட்டாயம் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

எங்கள் அப்பா காலத்தில் அரிக்கேன் விளக்குதான். கூடாரத்துக்குள் அதையே வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். அடைத்த கூடாரத்துக்குள் எரியும் எந்தச் சுடரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைச் சேர்த்துவிடும். அதற்கு மணம் கிடையாது, தூக்கத்தில் தெரியவும் தெரியாது. நைலான் துணியில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பிள்ளைகளோடு போகும் முகாமில் இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

பெட்டியில் ‘7 மணி நேர வெயில், 24 மணி நேர வெளிச்சம்’ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

அந்த இரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படிக்கக் கூடாது. 24 மணி நேரம் என்பது பெரும்பாலும் மிகக் குறைந்த ஒளியில் கிடைக்கும் நேரம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லூமன் கணக்கோ, அதாவது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவோ, மிக அதிக ஒளிக்கு உரியது. இரண்டும் ஒரே இரவில் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்னிடம் உள்ள சதுர விளக்கின் பேட்டரி 2000 மில்லிஆம்பியர் மணி, 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 7.4 வாட் மணி; பேட்டரியில் அடங்கும் மொத்த மின்னாற்றல் அது. பேனலின் மேல் 1 வாட் என்று எழுதியிருக்கிறது. அந்த 1 வாட், 25 டிகிரி வெப்பத்தில், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், ஆய்வகத்தில் அளந்தது. நம் மொட்டை மாடியில் நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொடும். சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் திறனை இழக்கும். சார்ஜ் ஏற்றும் சுற்றிலும் கொஞ்சம் போகும். கடைசியில் பேட்டரிக்குள் போய்ச் சேருவது 0.65 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.4ஐ 0.65ஆல் வகுத்தால் பதினொன்றரை மணி நேரம் வருகிறது, அதுவும் முழு உச்சி வெயிலாக இருந்தால்.

காலை பத்து மணி வெயிலும் மாலை நான்கு மணி வெயிலும் உச்சி வெயில் ஆகாது. மேகமே இல்லாத ஒரு நாளின் வெயில் முழுவதையும் திரட்டினால் ஐந்து, ஐந்தரை மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். ஆகவே காலியான பேட்டரி நிரம்ப இரண்டு நல்ல நாட்கள் வேண்டும். ‘7 மணி நேரம்’ என்று எழுதியவர் எந்த ஊர் வெயிலை எண்ணி எழுதினாரோ, நம் ஊர் முகாமுக்கு அது உதவாது.

அப்படியானால் வீட்டிலேயே சோதிப்பது எப்படி? என்னிடம் கருவி எதுவும் இல்லை.

ஒரு போன், ஒரு செய்தித்தாள், ஒரு வாளி போதும். முதலில் யு.எஸ்.பி. வழியாக விளக்கை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். வெயிலில் ஏற்றி இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் எவ்வளவு எரிந்தது என்று சொல்ல முடியாது. இரவு ஏழு மணிக்கு ஜன்னல் மூடிய அறையில் விளக்கைத் தொங்கவிட்டு, ஒரு மீட்டர் தள்ளிச் சுவரில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டுங்கள். அதிக ஒளியில் எரிய விடுங்கள்.

போன் கேமராவில் ஒளி அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, ஒரே அமைப்பில் மணிக்கு ஒரு படம் எடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் கண் ஏமாற்றும். வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும், மெதுவாகக் குறைந்தால் கண் அதற்குப் பழகி ‘அப்படியேதான் எரிகிறது’ என்று சொல்லும். காலையில் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த மணியில் சரிந்தது என்று கண்கூடாகத் தெரியும். செய்தித்தாளின் சிறிய எழுத்து எந்தப் படத்தில் மறைகிறதோ, அந்த மணியைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிவையுங்கள். உங்கள் விளக்கின் உண்மையான எண் அதுதான்.

அடுத்த நாள், காலியான விளக்கை ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு எண்களும் கையில் இருந்தால் முகாமுக்கு எத்தனை விளக்கு கொண்டுபோவது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

உங்கள் மூன்று விளக்குகளுக்கும் என்ன எண் வந்தது?

சதுர விளக்கு (பெட்டியில் 75 லூமன்) யு.எஸ்.பி.யில் நிரப்பியபோது அதிக ஒளியில் நான்கு மணி நேரம் ஒரே சீராக எரிந்தது. ஐந்தாவது மணியில் சரிந்தது. ஏழாவது மணியில் மின்மினி அளவுதான். தை மாதத்தின் தெளிந்த பகல் ஒன்றில் மொட்டை மாடியில் வைத்து ஏற்றியபோது சீரான வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே நின்றது. மேலே போட்ட கணக்கோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. வட்ட விளக்கில் பேட்டரி 1000 மில்லிஆம்பியர் மணிதான். ஆனால் பெட்டியில் எழுதியதையும் அடக்கமாகவே எழுதியிருந்தார்கள், அதன்படியே எரிந்தது.

மூன்றாவதை ஒரு பொருட்காட்சிக் கடையில் மலிவாக வாங்கினேன். 4000 மில்லிஆம்பியர் மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் இருண்டது. அந்த எண் உண்மையாக இருந்திருந்தால் சதுர விளக்கைவிட இரு மடங்கு எரிந்திருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளின் பெற்றோர் அதே விளக்கை அதே எண்ணை நம்பி வாங்கியிருந்தார்கள். அதில்தான் எனக்குக் கோபம்.

75 லூமனில் புத்தகம் வாசிக்க முடியுமா?

ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கஷ்டம், அரை மீட்டரில் முடியும். ஓர் இடத்தின் மேல் வந்து விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். விளக்கு எல்லாப் பக்கமும் சமமாக ஒளி பரப்புகிறது என்று கொண்டால் ஒரு மீட்டரில் 6 லக்ஸ் கிடைக்கும். அரை மீட்டருக்கு நெருங்கினால் நான்கு மடங்காகி 24 லக்ஸ். இரண்டு மீட்டருக்கு விலகினால் ஒன்றரை லக்ஸ்தான். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் அளவுக்குத்தான் ஒளி தரும். ஆகவே இரண்டு மீட்டரில்கூட நிலவொளியைப் போல ஆறு மடங்கு. தட்டில் இருப்பது தெரியும், முகம் தெரியும், எழுத்து தெரியாது.

ஒரு வழி இருக்கிறது. விளக்குக்கு மேலே வெள்ளை வேட்டி ஒன்றை நான்கு முனையிலும் கட்டிவிடுங்கள். மேல்நோக்கி வீணாகப் போகும் ஒளி திரும்பிக் கீழே வரும். பேச்சிப்பாறைப் பக்கம் நடந்த முகாமில் ஒரு பிள்ளையின் தாத்தா கொடுத்தனுப்பிய வேட்டியைக் கட்டினோம். அதுவரை ஒரு வட்டமாகச் சுருங்கியிருந்த வெளிச்சம் பாய் முழுக்க விரிந்தது. சுண்டலில் கிடந்த தேங்காய்ப் பல்லைப் பொறுக்கித் தின்ன முடிந்தது.

கன்னியாகுமரியில் வெயிலுக்கா பஞ்சம்? வைத்தால் நிரம்பிவிடாதா?

நம் மாவட்டத்தைப் பற்றி எல்லோரும் செய்யும் தவறு இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. வயலுக்கும் குளத்துக்கும் அது வரம். சோலார் விளக்குக்குச் சோதனை. கனத்த மேகத்தின் கீழ் ஒளி, முழு வெயிலில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். இரண்டு நாளில் நிரம்ப வேண்டியது வாரக் கணக்கில் இழுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்களை நம்பலாம்.

அடுத்தது நிழல். பேனலுக்குள் சிலிக்கான் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை வோல்ட்தான் தரும் என்பதால் பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால்தான் பேட்டரியில் ஏற்ற முடியும். ஒரு பட்டையின் மேல் நிழல் விழுந்தால், சங்கிலி முழுவதும் அந்தப் பட்டையின் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். தென்னோலையின் ஒற்றைக் கீற்று போடும் விரல் அகல நிழல் போதும். ‘முக்கால்வாசி வெயில் படுகிறதே’ என்ற கணக்கு இங்கே செல்லாது. தென்னந்தோப்பில் வைப்பதானால் மணிக்கு ஒரு முறை எழுந்து இடம் மாற்றுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் அதற்கும் வழியில்லை. ஆடி மாதம் குலசேகரம் தோட்டத்தில் காலை முதல் மாலை வரை வைத்த சதுர விளக்கு நாற்பது நிமிடம் எரிந்தது. அதே இடத்தில் ஜனவரி கடைசியில் நிலைமை வேறு. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலம் அது. காய்ந்த இலைமேல் நடந்தால் சரசரவென்று சத்தம், தலைக்கு மேலே திறந்த வானம். அப்போது மொட்டை மாடியில் ஏறியதற்குச் சற்றுக் குறைவாக ஏறியது. இதனால்தான் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறேன்: வீட்டில் யு.எஸ்.பி.யில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வெயிலில் கிடைப்பதை மேற்கொண்டு கிடைத்த வரவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்க வேண்டும் என்கிறார்களே?

அது ஆண்டு முழுவதும் அசையாமல் இருக்கும் கூரைப் பேனலுக்கான விதி. கன்னியாகுமரி ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் நமக்குத் தெற்கே, அடிவானத்திலிருந்து 58 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது முப்பது டிகிரி அளவுக்குத் தெற்கே சாய்த்தால் நல்ல பலன். தட்டையாக வைத்தால் நண்பகலில் பதினைந்து சதவீதம் போகும், அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த மாதம் உச்சி வேளையில் வெளியே நின்று பாருங்கள். உங்கள் நிழல் தெற்குப் பக்கம் விழும். அப்போது தெற்கே சாய்த்தால் நஷ்டம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். தட்டையாக வைத்தால் போதும். இன்னொன்று: நமக்கு உச்சி வேளை கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது; நாம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருப்பதால் சராசரியாக 12.20 ஆகும். பத்தரை மணி முதல் இரண்டு மணி வரை எந்த வேலையாக இருந்தாலும் பேனலை நிழலில் விடாதீர்கள்.

ட்யூப் லைட்டின் கீழே வைத்தால் சார்ஜ் ஏறுமா?

பேனலில் உள்ள சிறு விளக்கு ‘ஏறுகிறது’ என்று காட்டலாம். உண்மையில் ஒன்றும் ஏறாது. வீட்டு ட்யூப் லைட் மேசைமேல் சில நூறு லக்ஸ் தரும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ்.

வெயிலில் வைத்திருந்தேன், விறைத்துக்கொண்டு நின்றது. வெடித்துவிடுமா?

தையல் விட்டுப் போகலாம். காலை 27 டிகிரியில் ஊதிய காற்று, வெயிலில் 57 டிகிரிக்குச் சூடானால் பத்து சதவீதம் விரிய முயலும். பத்தாம் வகுப்பில் வாயு விதி படித்தவர்கள் 300 கெல்வின், 330 கெல்வின் என்று போட்டுப் பார்க்கலாம். முழுக்க ஊதிய பையில் அந்தக் காற்றுக்குப் போக இடமில்லை. முக்கால் பங்கு ஊதி வெயிலில் வையுங்கள், அல்லது தட்டையாகவே பரப்புங்கள். சார்ஜ் ஏறுவதற்கு ஊத வேண்டிய தேவையே இல்லை.

பேட்டரிக்கும் சூடு ஆகாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். கொதிக்கும் சிமெண்ட் தரையில் வைக்காமல் ஒரு சாக்கையோ மரப்பலகையையோ கீழே போடுங்கள். கண்ணாடி ஏற்றிய காரின் முகப்பில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். பேட்டரி இருக்கும் இடம் வீங்கியதாகத் தெரிந்தால் அந்த விளக்கை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஊதியதும் உள்ளே பனி படர்ந்தது போல் ஆகிவிடுகிறதே?

மூச்சில் இருக்கும் ஈரம். கெடுதல் இல்லை, ஆனால் அப்படியே மடித்து வைத்தால் உள்ளே கறுப்புப் புள்ளி விழும். முகாம் முடிந்ததும் வால்வைத் திறந்து ஒரு நாள் காற்றாட வையுங்கள்.

மழையில் நனையலாமா? கடலில் போட்டால்?

பெட்டியில் ஐ.பி. 67 என்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை கடல் நீருக்கு உரியது அல்ல. திற்பரப்பு அருவிச் சாரலும் ஆடி மழையும் இதை ஒன்றும் செய்துவிடாது. வாங்கியதும் ஒரு வாளி நீரில் அரை மணி அமிழ்த்தி வைத்துப் பாருங்கள். மேலே ஒரு செங்கல்லை வைக்காவிட்டால் மிதந்துவிடும். யு.எஸ்.பி. துளையின் ரப்பர் மூடியை அழுத்தி மூட மறக்காதீர்கள். மலிவு விளக்குக்குத் தண்ணீர் போனது அந்த வழியாகத்தான்.

கடலோரத்தில் நீரைவிட உப்புக் காற்றே பெரிய பிரச்சினை. சொத்தவிளையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தபின் பேனலின் மேல் விரலை வைத்து இழுத்தேன். விரல் போன வழியில் கருநீலமாகப் பேனல் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பால் ஆடை படர்ந்தது போல வெளுப்பு. நாக்கில் வைத்தால் உப்பு. நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்த்தால் மணல் கீறிவிடும்.

அக்கா, எங்கள் வீட்டில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார்கள். கொடுத்து அனுப்பலாமா?

கூடுதல் வெளிச்சமாகக் கொடுத்து அனுப்புங்கள். வலை சிக்கெடுக்கவும் சாப்பிடவும் உதவும், நீரில் விழுந்தாலும் மிதக்கும். ஆனால் படகில் கட்டாயமாக இருக்க வேண்டிய சிவப்பு, பச்சை, வெள்ளை அடையாள விளக்குகளுக்கு இது ஈடாகாது. அவற்றின் நிறத்தையும் எவ்வளவு தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பதையும் விதி வகுத்திருக்கிறது. காற்றடைத்த பை என்பதற்காக உயிர்காப்பு மிதவையாகவும் நினைத்துவிடாதீர்கள். ஓர் ஆளின் எடையை அது தாங்காது.

காற்று மெல்ல இறங்கிவிடுகிறது. சைக்கிள் பஞ்சர் கடையில் ஒட்டிக் கொடுப்பார்களா?

ஒட்டிக் கொடுப்பார்கள், இரண்டு நாளில் உரிந்துவிடும். அவர்கள் பூசும் ரப்பர் சொல்யூஷன் ரப்பருக்கு உரியது. இந்தப் பை பி.வி.சி. அல்லது டி.பி.யு. என்ற பிளாஸ்டிக், அதில் அது சரியாகப் பிடிக்காது. குழந்தைகளின் காற்று நீச்சல் குளத்தோடு வரும் ஒட்டுத் துண்டு பி.வி.சி. பைக்குப் பொருந்தும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். சோப்பு நுரையை வால்வைச் சுற்றியும் தையல் ஓரத்திலும் தடவிவிட்டுக் கண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். என் வட்ட விளக்கில் கடுகளவு குமிழி ஒன்று வால்வின் அடிவிளிம்பில் எழுந்து, பெரிதாகி, உடைந்து, மறுபடியும் எழுந்தது. அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, சோப்பைக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தில் எதுவும் பிடிக்காது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் முகாம். காற்றில் பறந்துவிடாதா?

பறக்கும். மலைகளுக்கு நடுவே உள்ள அந்தக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று பீறிட்டு வருவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. இந்த விளக்கின் எடை ஒரு கொய்யாப்பழம் அளவுதான். மேலே ஒரு கயிறு மட்டும் கட்டினால் ஊஞ்சலாடி, பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கீழேயும் ஒரு கயிறு கட்டி முளையில் இழுத்துவிடுங்கள். தரையில் வைப்பதானால் மண் நிரப்பிய பாட்டிலோடு சேர்த்துக் கட்டுங்கள்.

பூச்சி மொய்க்கிறதே, டீச்சர்?

வெள்ளை நிற ஒளிக்கு அதிகமாகவும் மஞ்சள் நிற ஒளிக்குக் குறைவாகவும் வரும். வாங்கும்போதே மஞ்சள் ஒளியும் உள்ள விளக்காகப் பாருங்கள். முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் அந்திக்கு எந்த நிறமும் உதவாது. கூடாரத்திலிருந்து பத்து அடி தள்ளி விளக்கைக் கட்டி, கூடாரத்துக்குள் அரை மணி நேரம் இருட்டாக விடுங்கள். ஈசல் அங்கே போகும், நீங்கள் இங்கே இருக்கலாம்.

கடற்கரையில் இரவு முழுக்க எரிய விடலாமா? காட்டில்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடற்கரை மணலில் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வந்து முட்டையிடும் காலம் அது. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுதான் கடல் என்று ஊர்ந்து போகும். நீங்கள் தொங்கவிட்ட விளக்கை நோக்கி வந்தால் விடியும்போது நாய்க்கும் காகத்துக்கும் இரையாகிவிடும். தோப்புக்கு உள்ளே தங்குங்கள், கடலைப் பார்த்த பக்கத்தைத் துணியால் மறைத்துவிடுங்கள்.

காட்டைப் பொறுத்தவரை, மாவட்டத்தின் வனப் பகுதி 2008இல் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கீரிப்பாறை, காளிகேசம் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது. விளக்கு இருப்பதால் அந்த விதி மாறாது.

இதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றலாமாமே?

சில வகைகளில் ஏற்றலாம். 2000 மில்லிஆம்பியர் மணி விளக்கை முழுக்கக் காலி செய்தால், இழப்பு போக, 5000 மில்லிஆம்பியர் மணி போனில் கால் பங்கு அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே ஏறும். அதன்பிறகு விளக்கு எரியாது. ஓர் அவசர அழைப்புக்கு அது போதும், பாட்டுக் கேட்கப் போதாது.

ஒக்கி மாதிரி ஒரு புயல் வந்தால் இது உதவுமா? வாங்கி வைத்தால் கெட்டுப் போகாதா?

2017 நவம்பர் 30ஆம் தேதியை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து, மின்கம்பங்கள் ஒடிந்து, பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்த வீடுகளில் மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோனது. அன்று ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு இருந்திருந்தால் என்ற எண்ணத்தில்தான் இந்தச் சோதனையையே தொடங்கினேன்.

ஆனால் அலமாரியில் போட்டு மறந்த விளக்கு உதவாது. காலியாகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி சில மாதங்களில் மீளாமல் போய்விடும்; முழுக்க நிரப்பிச் சூடான இடத்தில் வைத்தாலும் தேயும். பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வானிலை எச்சரிக்கை வந்த அன்று கரண்ட் இருக்கும்போதே யு.எஸ்.பி.யில் முழுக்க நிரப்பிவிடுங்கள். அதன்பிறகு அதிக ஒளியைத் தொடாமல் குறைந்த ஒளியில் வைத்தால், சதுர விளக்கு போன்ற ஒன்று, மேகம் மூடிய மூன்று இரவுகளுக்குச் சமையலறையையும் பின்வாசலையும் காட்டும்.

உங்கள் மூன்று விளக்குகளும் இப்போது எங்கே இருக்கின்றன?

வட்ட விளக்கு, வால்வில் ஒட்டுப் போட்டபடி, முகாம் பையின் மேல் அறையில் இருக்கிறது. மலிவு விளக்கைப் பிரித்து ஒன்பதாம் வகுப்பு மேசைமேல் வைத்திருக்கிறேன்; பட்டைகள் சங்கிலியாக இணைந்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். சதுர விளக்கு என் அம்மாவின் கட்டிலுக்கு அருகே ஆணியில் தொங்குகிறது. பக்கத்துச் சுவரின் நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு தேதியைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறோம். அடுத்த வட்டம் ஆடி முதல் நாள்.